பிரிண்டருக்குத் தண்ணி ஊத்தின கதை

உக்காருங்க, உக்காருங்க. பேச்ச நிறுத்துங்கப்பா. வாசல்ல நிக்கிறவங்க உள்ள வாங்க, வெளிச்சம் மறைக்கிது. தமிழரசா, அந்தப் போன அமுத்து. ரெண்டு மணி நேரமா ஒரே பாட்டு. பாடுறவனுக்கே தொண்ட கட்டிருக்கும். யாரும் எந்திரிச்சு வீட்டுக்குப் போவாதீங்க. சர்வர் போயிருச்சு, இப்போதைக்கு வராது. அது வர்றதுக்குள்ள ஒரு கதை சொல்றேன். நான் ஜெயிச்ச கதை. ஏய், இப்பவே சிரிச்சா எப்புடி? கேட்டுட்டுச் சிரிங்க.

எழிலு உள்ள கொழம்பு தாளிக்கப் போயிருக்கா. அவதான் இந்தக் கடைக்கு ஓனர். எனக்கும் அவதான் ஓனர். வைரக்கண்ணு அண்ணன் நெலத்தோட அடங்கல் முன்னாடியே எறக்கி வெச்சது, அத பிரிண்டுக்குக் குடுத்துட்டுப் போயிருக்கா. இருவது பக்கம். அது பாட்டுக்கு அடிக்கட்டும். அண்ணன் அந்தா மூலையில பெஞ்சுல உக்காந்திருக்காரு பாருங்க. அவரு பேசி யாராச்சும் கேட்டிருக்கீங்களா? பேங்க்ல பேரு கூப்புட்டாக்கூட கையத்தான் தூக்குவாரு. அவரு மாதிரி குரல் காட்டுன்னு சொன்னா நான் தோத்துடுவேன். மத்தபடி இந்த ஊருல யாரு குரல் வேணும் உங்களுக்கு? தலையாரியா? டவுன் பஸ் கண்டக்டரா? "ஏறு ஏறு ஏறு, உள்ள காலியா கெடக்கு, கூத்தாநல்லூர்காரன்லாம் எறங்கிட்டான்!" எப்புடி?

எனக்கு ஒரு பழக்கம். வாய் பேசினா காலும் பேசும். கால் கட்டவெரல் தாளம் போட்டாதான் எனக்குக் குரலே எறங்கி வரும். அது பொறவியிலயே வந்தது.

சரி, கதைக்கு வர்றேன். இந்தப் பிரிண்டர் இருக்கே, இதுக்கு வயசு என் கல்யாணத்த விட அதிகம். மூடிப்போன டைப்பிங் சென்டர்லேருந்து எழிலு தூக்கிட்டு வந்தா. அடிக்கிறப்ப சத்தம் கேளுங்க: கர்ர்ர்... கிடுக்... ங்ஙீ... கிடுக். எங்க மாமனார் கொறட்ட அச்சு அசலா இதேதான். ஆனா ஒழைக்கும். இந்த மிஷினாலதான் ஊரே சிட்டா, அடங்கல், ஆதாரு எல்லாத்துக்கும் நீடாமங்கலம் ஓடாம இங்க வருது.

போன வருசம் ஐப்பசியில அதுக்கு ஒரு வியாதி வந்துச்சு. நல்லா அடிச்சுட்டே இருக்கும். திடீர்னு பட்டுன்னு அணைஞ்சுடும். ஃபேன் ஓடுது. லைட் எரியுது. லேப்டாப்பு கண்ண முழிச்சுட்டு இருக்கு. இது மட்டும் செத்துடும். கொஞ்ச நேரம் கழிச்சு தானா உசுரு வரும். பாதி பேப்பர் வாயில நிக்கும், வெத்தல தொங்குற மாதிரி.

அப்ப சம்பா பயிருக்கு இன்சூரன்ஸ் கட்டுற நேரம். கடைசித் தேதி நெருங்குது. இந்த மூலையில இருக்காரே வைரக்கண்ணு அண்ணன், அவரு அதுக்கு முந்துன வருசம் தேதிய விட்டவரு. தண்ணி நின்னு குத்தகை நெலம் மூணு மாவும், முழுசா ஒரு ஏக்கர், அழுகிப்போச்சு, ஒரு பைசா வரல. இந்தத் தடவ விட்டா அவ்வளவுதான். அவரு மாதிரி நாப்பத்தி மூணு பேரு. எல்லாரும் எங்க கடைய நம்பி இருக்காங்க. எழிலு எல்லாருக்கும் "நான் எடுத்துத் தர்றேண்ணே"ன்னு வாக்கு குடுத்துட்டா.

அன்னிக்குத்தான் நான் ஒரு சபதம் எடுத்தேன்.

"எழிலு, இத நான் சரி பண்றேன்."

"எதங்க?"

"பிரிண்டர."

"உங்களுக்கு அதுல என்ன தெரியும்?"

"அஞ்சு எச்.பி. மோட்டார அவுத்து மாட்டுனவன் நான்."

"மாட்டுனதுக்கு அப்பறம் ஓடுச்சா?"

"அது வேற விசயம். நான் சரி பண்ணிட்டா, வாசல் போர்டுல 'எழில் ஜெராக்ஸ்'ன்னு இருக்கே, அங்க என் பேரு வரணும்."

"வந்துட்டுப் போவுது."

"பெருசா!"

"பெரிய எழுத்துல. அது இருக்கட்டும், கொல்லையில வாழக்கண்ணு வெச்சு ஒரு மாசமாச்சு. தண்ணி ஊத்துனீங்களா?"

"மனுசன் எலக்ட்ரிக்கலு பேசுறேன், வாழக்கண்ணுங்குற!"

மொத வைத்தியம் கை வைத்தியம். இந்த நாற்காலியில உக்காந்து ஆளுங்க கிட்ட பேசிட்டு இருந்தேன். பட்டுனு அணைஞ்சுச்சு. எந்திரிச்சேன். மண்டையில ஒண்ணு போட்டேன். கர்ர்ர்... கிடுக்... ஓடுது! ஊரே கைதட்டுச்சு. திரும்ப உக்காந்தேன். பேசுனேன். அணைஞ்சுச்சு. எந்திரிச்சேன், ஒரு போடு. ஓடுது! உங்க மேல சத்தியமா, ஒரு தடவகூட என் அடி தப்புல. அப்ப என்ன அர்த்தம்? என் கையில ஏதோ இருக்குன்னு அர்த்தம். நான் அப்புடித்தான் நெனைச்சேன். சிரிக்காத தமிழரசா, உனக்கு நடந்திருந்தா நீ சாமியே ஆடிருப்ப.

"எழிலு, பாத்தியா? கைராசி!"

அவ காலண்டர்ல ஒரு தாள கிழிச்சா. பின்னாடி என்னமோ எழுதுனா.

"என்ன எழுதுற?"

"எப்ப அணையுதுன்னு எழுதி வெக்கிறேன். மணி, அந்த நேரம் வேற என்ன ஓடுச்சு, யாரு இருந்தா."

"வியாதிக்கு மருந்து குடுக்கச் சொன்னா ஜாதகம் எழுதுறியே!"

ரெண்டாவது, கரண்ட் ஃபேஸ் மாத்துனேன். நம்ம ஊருல மோட்டாரு எறைக்கலன்னா மொதல்ல அதானே செய்வோம்? ஃபியூஸ் கட்டைய புடுங்கி இங்க இருந்தத அங்க, அங்க இருந்தத இங்க. உள்ள வந்து பாத்தா பிரிண்டர் ஜம்முனு ஓடுது! சந்தோசத்துல உக்காந்தேன். தலையாரி எப்புடி கரண்ட்காரன் கிட்ட பேசுவாருன்னு நடிச்சுக் காமிச்சேன். "அய்யா, நான் கவர்மெண்டு, நீ கவர்மெண்டு, என் வீட்டு லைன ஏன்யா புடுங்குன?" எல்லாரும் சிரிச்சாங்க. பிரிண்டர் செத்துச்சு.

"இது கரண்ட் இல்ல எழிலு. பஸ் ஸ்டாண்டுல புதுசா கடை போட்ருக்கான்ல சேரன், அவன் கண்ணு."

அதுக்கும் பண்ணுனேன். எலுமிச்சம்பழம் சுத்துனேன், கல்லுப்பு சுத்துனேன். சுத்துறப்பலாம் ஓடுச்சு. உக்காந்தா நின்னுச்சு.

எழிலு என்ன பண்ணா தெரியுமா? அவ பண்ணதத்தான் நீங்க கவனிக்கணும். மொத நாளு பிளக்க வேற சுவிட்சுல மாத்துனா. அன்னிக்கு பூரா வேற எதையும் தொடல. அடுத்த நாளு அந்த எக்ஸ்டென்சன் பாக்ஸ எடுத்துட்டு நேரா செவுத்துல சொருகுனா. அன்னிக்கும் வேற எதையும் தொடல. அதுக்கு அடுத்த நாளு மிக்ஸி போடாம சட்னிய அம்மியில அரைச்சா. எனக்குப் பொறுமை போச்சு.

"ஒவ்வொண்ணா எதுக்கு நோண்டுற? எல்லாத்தையும் ஒரே அடியா மாத்து!"

"வயல்ல தண்ணி நிக்கலன்னா என்ன பண்ணுவீங்க?"

"மடைய அடைப்பேன்."

"எத்தன மடைய?"

"ஒண்ணு ஒண்ணா அடைச்சாத்தான எது ஒழுகுதுன்னு..."

பாருங்க, இருவது வருசமா வயல்ல எறங்கி நிக்கிறவன் நான். அந்த வித்தைய வயல்ல கால் வெக்காம அவ செய்யிறா. அந்த எடத்துல எனக்கு அவ மேல ஒரு மரியாத வந்துச்சு. வெளிய காட்டிக்கல. காட்டுனா போர்டு போயிடும்.

மூணாவது, பெரிய டாக்டர். கும்பகோணத்துல மீரா உசேன் பாய். அவருக்குச் சொந்த ஊரு அதிராம்பட்டினம், கையில எடுத்தா எந்த மிஷினும் பேசும்பாங்க. பிரிண்டர வேட்டியில கட்டி மடியில வெச்சு பஸ்ல போனேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டு மூடிட்டான். எப்பதான் தொறந்திருந்தான்? அரை மணி நேரம். பக்கத்து சீட்டு அம்மா கேக்குது, "புள்ளைக்கு எத்தன மாசம் தம்பி?" நானும் தட்டிக் குடுத்துட்டே சொன்னேன், "பதினெட்டு வயசும்மா, இன்னும் பேப்பர்தான் திங்கிது."

மீரா உசேன் பாய் பிரிண்டர மேசையில வெச்சாரு. பிளக்க மாட்டுனாரு. அடிச்சாரு. ஒரு மணி நேரம் அடிச்சாரு. ஒரு தடவ அணையணுமே! புதுசா மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி அவ்வளவு அடக்கம். பாய் மூக்குக் கண்ணாடிய எறக்கி பாத்தாரு. அவரு குரல் இப்புடி, தொண்டையில பஞ்சு வெச்ச மாதிரி:

"பின்னாடி வயர் சொருகுற ஓட்ட கொஞ்சம் லூசு. வயசானா இருக்கும். வயர இழுக்காம இருந்தா போதும். மிஷின்ல ஒண்ணும் இல்ல. வீட்டுல பாருங்க."

வீட்டுக்கு வந்து எழிலு கிட்ட அப்புடியே நடிச்சுக் காமிச்சேன், பஞ்சு வெச்ச தொண்டையோட. நான் சிரிப்பு வரும்னு பாத்தேன். அவ காலண்டர் தாள எடுத்து வெச்சுட்டு, "என்ன சொன்னாரு? திரும்பச் சொல்லுங்க"ன்னா. திரும்பச் சொன்னேன். "யாரு இழுக்குறா?"ன்னு முணுமுணுத்தா. என்னைய ஒரு பார்வ பாத்தா. என் நடிப்புல மயங்கிட்டான்னு நெனைச்சேன்.

கடைசி நாளு வந்துச்சு.

காலையில எட்டு மணிக்கே கடையில நாப்பத்தி மூணு பேரு. அஞ்சு மணிக்குள்ள ஃபாரம் அடிச்சு, கையெழுத்து போட்டு, கூட்டுறவு சொசைட்டியில குடுத்தாகணும். அந்த வருசம் ஐப்பசி மழையும் ஏமாத்திடுச்சு, எல்லாரு மொகமும் காஞ்சு கெடக்கு. கூட்டத்துல சிரிப்பே இல்ல. நாமதான அத சரி பண்ணணும்? நாற்காலியில உக்காந்தேன். கண்டக்டர் குரல எடுத்தேன். மூணாவது ஃபாரத்துல பிரிண்டர் அவுட். எந்திரிச்சேன், ஒரு போடு. ஓடுச்சு. உக்காந்தேன். அஞ்சாவது ஃபாரத்துல அவுட். பத்து மணிக்கு ஆறு ஃபாரம்தான் ஆயிருக்கு. வைரக்கண்ணு அண்ணன் துண்ட முறுக்கிட்டு நிக்கிறாரு. வாய் தொறக்கல, கண்ணு கலங்கி இருக்கு.

எழிலு பேனாவ கீழ போட்டா. மேசைக்கு அடியில குனிஞ்சு எடுத்தா. ஒரு பேனா எடுக்க அவ்வளவு நேரமாவுமான்னு நான் நெனைச்சேன். எந்திரிச்சு வந்து ரொம்ப மரியாதயா சொன்னா:

"என்னங்க, கொல்லையில எர்த்துக் குழி காஞ்சு கெடக்கு."

அடடா! எனக்கு மண்டையில பல்பு எரிஞ்சுச்சு. எர்த்து! மோட்டாரு எர்த்துக் கம்பி பொதைச்ச மண்ணு காஞ்சா நாம என்ன பண்ணுவோம்? தண்ணி ஊத்துவோம்! இவ்வளவு நாளா எனக்கு ஏன் தோணல?

"எவ்வளவு ஊத்தணும்?"

"ஒரு கொடம் ஊத்துங்க. ஊறுனதும் இன்னொரு கொடம். நிறுத்தாம ஊத்துங்க."

ஓடுனேன். அடிபம்புல ஒரு கொடம் அடிச்சு ஊத்துனேன். காத வெச்சுக் கேட்டேன். உள்ளேருந்து கர்ர்ர்... கிடுக்... ங்ஙீ... கிடுக். நிக்கல! இன்னொரு கொடம். நிக்கல! சன்னல் வழியா எட்டிப் பாத்தேன்.

"ஓடுதா எழிலு?"

"ஓடுதுங்க. நீங்க போங்க."

"எத்தன ஆச்சு?"

"பதினஞ்சு. போங்கங்க, காஞ்சுடப் போவுது."

என் சந்தோசத்த என்ன சொல்ல! நானு காவிரித் தண்ணியில பொறந்தவன். தண்ணி விட்டா எதுவும் வெளையும்னு நம்புறவன். ஆனா தண்ணி விட்டு ஃபாரம் வெளைஞ்சத அன்னிக்குத்தான் பாத்தேன். ஒவ்வொரு கொடத்துக்கும் சன்னல்ல தலைய விட்டு கூட்டத்துக்குச் சொன்னேன், "பயப்படாதீங்க, நான் ஊத்துறேன், அது ஓடும்!" எல்லாரும் தலையாட்டுனாங்க. எழிலு மட்டும் குனிஞ்சே இருந்தா. தோளு குலுங்குச்சு. அழுவுறா போலன்னு விட்டுட்டேன்.

மதியம் மோரு குடிக்க உள்ள வந்தேன். என் நாற்காலியில வைரக்கண்ணு அண்ணன் உக்காந்து ஃபாரத்துக்கு பின் அடிச்சுட்டு இருக்காரு!

"இது என் சீட்டு எழிலு."

"அண்ணனுக்கு முட்டி வலிங்க. நின்னுட்டே குடிச்சுட்டுப் போங்க."

மூணு மணிக்கு தூறல் போட்டுச்சு. அப்பறம் மழ புடிச்சுக்கிச்சு. ஒரு கையில கொடை, ஒரு கையில கொடம். எனக்கே லேசா ஒரு சந்தேகம் வந்துச்சு. சன்னல்ல தலைய விட்டேன்.

"எழிலு, மழதான் பெய்யுதே?"

"மழத்தண்ணி மேலாப்புல ஓடிரும். ஊத்துனாத்தான கீழ எறங்கும்?"

நியாயமாத்தான இருக்கு? நீங்களே சொல்லுங்க. ஊத்துனேன். ரோட்டுல போனவன்லாம் நின்னு பாத்தான். மழையில கொடை புடிச்சுட்டு மண்ணுக்குத் தண்ணி ஊத்துற மனுசன அவன் எங்க பாத்திருப்பான்?

நாலரைக்கு நாப்பத்தி மூணு ஃபாரமும் முடிஞ்சுச்சு. கடைசி ஃபாரம் வைரக்கண்ணு அண்ணனோடது. எல்லாரையும் அனுப்பிட்டு அவரு கடைசியா வாங்கிக்கிட்டாரு. நெஞ்சோட சேத்துப் புடிச்சுட்டு மழையில ஓடுனாரு. சொசைட்டி ஜன்னல் மூடுறதுக்குள்ள குடுத்துட்டாரு. ஒரு ஆளு விடுபடல.

நான் ஈரத்தோட உள்ள வந்தேன். இடுப்பு ரெண்டா ஒடையுது. ஆனா நெஞ்சு இப்புடி!

"எழிலு, ஒத்துக்குறியா? சரி பண்ணது யாரு? போர்டு பெயிண்டர கூப்புடு!"

அவ அந்தக் காலண்டர் தாள என் கையில குடுத்தா. எட்டு நாளா எழுதுனது. பதினோரு மணி, மிக்ஸி இல்ல, மோட்டாரு இல்ல, அவரு இருந்தாரு. பன்னண்டே கால், மிக்ஸி ஓடுச்சு, அவரு இருந்தாரு. நாலு மணி, ஃபேன் இல்ல, அவரு இருந்தாரு. முப்பத்தி ஏழு தடவ அணைஞ்சிருக்கு. முப்பத்தி ஏழுலயும் கடைசியில 'அவரு இருந்தாரு'.

"யாரு அந்த அவரு?"

"கீழ பாருங்க."

குனிஞ்சு பாத்தேன். பிரிண்டர் பின்னாடிலேருந்து வயர் எறங்கி, நாற்காலிக்கு நேரா தரையில போவுது. நான் பேசுறப்ப என் கட்டவெரல் தாளம் போடுதுல்ல? அது அந்த வயருல மாட்டி இழுத்து இழுத்து விட்ருக்கு. உக்காந்தா இழுக்கும், அணையும். அடிக்க எந்திரிச்சா காலு வெளிய வரும், ஓடும். கைராசி இல்லய்யா அது. கால்ராசி!

எனக்கு கோவம் வந்துச்சு. "தெரிஞ்சுதுல்ல? அந்த வயர ஒரு கயித்தப் போட்டு கட்டிருக்கலாம்ல?"

"பத்து மணிக்கே கட்டிட்டேங்க."

"பத்து மணிக்கா?"

"பேனா எடுக்கக் குனிஞ்சேன்ல."

"அப்ப நான் சாயந்தரம் வரைக்கும் எதுக்குடி தண்ணி ஊத்துனேன்?"

"வாழைக்கு."

எர்த்துக் குழிய சுத்தி நாலு வாழக்கண்ணு. நான் பாக்கவே இல்ல.

"எர்த்துல தண்ணி ஊத்துனாதான் பிரிண்டர் ஓடும்னு பொய்தான சொன்ன?"

"நான் சொன்னேனா? எர்த்து காஞ்சு கெடக்குன்னேன். காஞ்சுதான் கெடந்துச்சு. தண்ணி ஊத்துங்கன்னேன். அதாலதான் பிரிண்டர் ஓடுதுன்னு சன்னல்ல தலைய விட்டு ஊருக்கே சொன்னது நீங்க."

"அது சரி. வயர கட்டிட்ட. அப்பறமும் என்னைய ஏன் வெளிய அனுப்புன?"

"வயர கட்டிட்டேன். உங்க வாய எதால கட்டுறது? நீங்க உக்காந்து பேசுனா ஆளுங்க சிரிக்கிறாங்க. சிரிச்சா கையெழுத்து கோணுது, ஆதாரு நம்பர தப்பா சொல்றாங்க. அன்னிக்கு ஒரு நம்பர் தப்புனா ஒருத்தருக்கு ஒரு வருசம் போயிரும்ங்க."

அவளப் பாருங்க. ஒரு கயிறு, ஒரு கொடம், ஒரு காலண்டர் தாளு. இத வெச்சு ஒரே பகல்ல பிரிண்டர சரி பண்ணுனா, நாப்பத்தி மூணு குடும்பத்துக்கு வேல முடிச்சா, வாழைக்குத் தண்ணி பாய்ச்சுனா, என்னையும் சந்தோசமா வெச்சிருந்தா. நான் வேற யாரு குரல வேணாலும் எடுப்பேன். அவ மூளைய எடுக்க முடியாது. இத அவ கிட்ட போய் சொல்லிடாதீங்க. ஏற்கனவே கொழம்புல உப்பு கம்மியா போடுறா.

ஆனா வாக்கு தவற மாட்டா. ரெண்டே நாள்ல போர்டு அடிச்சா. அந்தப் பிரிண்டர்லயே அடிச்சு, லேமினேசன் பண்ணி, அந்தா என் தலைக்கு மேல மாட்டிருக்கா பாருங்க. என் பேரு இருக்கா? பெரிய எழுத்துல இருக்கா? தமிழரசா, சத்தமா படி: "மதிவாணன் பேசும் நேரம்: சர்வர் வேலை செய்யாதபோது மட்டும்." படிச்சிட்டியா? வாசல்ல இருக்குற போர்டுல வெறும் பேருதான். எனக்குத்தான் நேரம் போட்டு போர்டு!

அந்த வாழ இப்ப தாரு தள்ளிருச்சு. போறப்ப ஆளுக்கு ஒரு எலை அறுத்துட்டுப் போங்க. தண்ணி ஊத்துனவன் நான், கேக்க யாரு இருக்கா? அவ கட்டுன கயிறும் இன்னும் அப்புடியே இருக்கு. சாக்கு தைக்கிற சணல். ஒரு வருசமா அசையல. நம்பலன்னா குனிஞ்சு பாருங்க. இந்தா, இந்த மேசைக் கால்ல, என் கட்டவெரலுக்கு நேரா. என்னா முடிச்சுங்குறீங்க! மாடு இழுத்தாலும் அவுறாது. நான் வேணா வெரல விட்டு இழுத்துக் காட்டவா? இப்புடி... இப்புடி இழுத்தாக்கூட...

என்ன, அந்தக் கொறட்டச் சத்தம் நின்னுபோச்சு? எல்லாரும் ஏன் மூலையப் பாக்குறீங்க? வைரக்கண்ணு அண்ணே, ஏன் எந்திரிச்சிட்டீங்க?

"கால எடுப்பா மதி. என் நெலம் பாதிதான் வெளிய வந்திருக்கு."